தெய்வக் காட்சியும் ஞானமும்: புதிதாகப் பயிலத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இந்து தத்துவ மரபைப் பயில வருபவர்களில் பலரும் ஒரே கேள்வியைச் சுமந்துகொண்டு வருகிறார்கள்: இறைவனைக் காண முடியுமா, கண்டுவிட்டால் அதுதான் ஞானமா? ஒன்றுபோலத் தோன்றும் இக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து எடுக்காமல் நூல்களுக்குள் நுழைபவர் ஒரு பக்கத்தில் அற்புதத்தையும் மறு பக்கத்தில் வறண்ட தருக்கத்தையும் கண்டு திகைத்து நின்றுவிடுவார். தெய்வக் காட்சி ஒரு காலத்தில் தோன்றி ஒரு காலத்தில் மறைவது. ஞானம் என்று இம்மரபு போற்றுவது, தோன்றியபின் மறையாதது. காட்சியை நம் நூல்கள் எங்கும் இகழவில்லை, ஆனால் காட்சி கிட்டியதாலேயே ஒருவருடைய அறியாமை நீங்கிவிட்டது என்று அவை ஒப்புக்கொள்வதும் இல்லை. இந்த வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படிப்படியாக எவ்வாறு பயிலலாம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதற்படி: கீதையின் பதினோராம் அத்தியாயத்தை முன்பின்னோடு படித்தல்

தெய்வக் காட்சி என்றவுடன் எவர் நினைவுக்கும் வருவது குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனன் கண்ட விசுவரூபம். பதினோராம் அத்தியாயத்தில் 55 சுலோகங்கள் உள்ளன. பெரும்பாலோர் இந்த அத்தியாயத்தை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு, வானில் ஆயிரம் சூரியர்கள் ஒருங்கே உதித்தாற்போன்ற ஒளி என்னும் வருணனையிலேயே மனம் தோய்ந்து நின்றுவிடுகிறார்கள். பத்தாம் அத்தியாயத்தின் கடைசிச் சுலோகத்தில் தொடங்கி, பன்னிரண்டாம் அத்தியாயத்தின் முதற்சுலோகம் வரை ஒரே தொடர்ச்சியாகப் படித்து, அர்ஜுனன் எந்த இடத்தில் என்ன சொல்கிறான் என்பதைத் தனியே குறித்துக்கொண்டு போகுமாறு நான் பரிந்துரைப்பேன். முதல் வாசிப்புக்கு உரையில்லாத தமிழாக்கம் போதும். பாரதியாரின் மொழிபெயர்ப்பு அதற்கு நன்கு உதவும். உரைகளை இரண்டாம் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

அப்படிக் குறித்துக்கொண்டு போகிறவர் முதலில் கவனிக்க வேண்டிய இடம் எட்டாம் சுலோகம். உன்னுடைய இந்தக் கண்களால் என்னைக் காண இயலாது, உனக்குத் திவ்வியமான கண்ணைத் தருகிறேன் என்று கண்ணன் அங்கே சொல்கிறான். அர்ஜுனன் காணப்போவது அப்போது புதிதாக உண்டாக்கப்படும் பொருளன்று. எப்போதும் இருப்பதையே அவன் காணப்போகிறான், அதைக் காணும் ஆற்றல்தான் புதிதாகத் தரப்படுகிறது. அது தரப்பட்டதேயன்றி அவன் முயன்று ஈட்டியதும் அன்று. தெய்வக் காட்சியைப் பற்றி நம் மரபு சொல்லும் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு குறிப்புகளும் அடித்தளமாக அமைகின்றன.

அடுத்துக் கவனிக்க வேண்டியது அவன் அடையும் அச்சம். திசைகள் தெரியவில்லை, அமைதியும் கிட்டவில்லை என்று அவன் நடுங்குகிறான். முன் காணாததைக் கண்டு மகிழ்ந்தேன், ஆயினும் மனம் பயத்தால் கலங்குகிறது என்று சொல்லி, முன்பு அறிந்த உருவத்தையே காட்டுமாறு இறைஞ்சுகிறான். காட்சி மறைகிறது, மனம் தன்னிலைக்குத் திரும்புகிறது, உடனே பன்னிரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் அவன் மாணவனாக ஒரு கேள்வி கேட்கிறான்: உருவத்தை வழிபடுவோர், அழிவற்ற அவியக்தத்தை, அதாவது புலனுக்குத் தோன்றாத பரம்பொருளை, வழிபடுவோர் ஆகிய இருசாராருள் யோகத்தை நன்கு அறிந்தவர் யார்? பிரபஞ்சம் முழுவதையும் ஓருடலில் கண்டவனுக்கும் கேட்க ஐயம் மிஞ்சியிருக்கிறது.

என் மயக்கம் நீங்கியது என்று அர்ஜுனன் சொல்லும் இடங்களையும் தேடிப் பார்க்க வேண்டும். பதினோராம் அத்தியாயத்தின் முதற்சுலோகத்தில், காட்சிக்கு முன்பே, நீ உரைத்த சொற்களால் என் மோகம் அகன்றது என்கிறான். பதினெட்டாம் அத்தியாயத்தின் 72-ஆம் சுலோகத்தில், ஒருமுகப்பட்ட மனத்தோடு கேட்டாயா, அறியாமையால் பிறந்த மயக்கம் அழிந்ததா என்று கண்ணன் வினவ, அடுத்த சுலோகத்தில், மயக்கம் அழிந்தது, நினைவு மீண்டது, ஐயம் தீர்ந்து நிற்கிறேன் என்று விடையளிக்கிறான். இரண்டு இடங்களிலும் மயக்கம் நீங்கியது கேட்டதனால். எவ்வளவு கண்டாய் என்று கண்ணன் எங்கும் கேட்கவில்லை. கேட்டாயா என்றுதான் கேட்கிறான்.

இதே காட்சியை வியாசர் அருளிய ஆற்றலால் அரண்மனையிலுள்ள அரசனுக்கு எடுத்துரைத்த சஞ்சயன், அந்த உருவத்தை நினைந்து நினைந்து மகிழ்கிறேன் என்று கூறுகிறான். போரைக் காணும் கண்ணை வியாசர் முதலில் திருதராட்டிரனுக்கே தருவதாகச் சொன்னார். சுற்றத்தார் மடிவதைக் காண விரும்பவில்லை என்று அவன் மறுத்துவிட்டான். பின்னர் எழுநூறு சுலோகங்களையும் அவன் செவியால் கேட்டான், ஆனால் அவனுள் எதுவும் அசைந்ததாகப் பாரதம் காட்டவில்லை. கேட்டல் ஞானத்துக்கு வாயில் என்றாலும், கேட்பவனுடைய பக்குவம் இல்லாவிட்டால் அந்த வாயில் திறப்பதில்லை. இதை மறக்காமல் மனத்தில் இருத்துங்கள். நான்காம் படியில் இது தேவைப்படும்.

இரண்டாம் படி: இரண்டு உபநிடதக் கதைகள்

உபநிடதங்களைத் தொடங்குவோர் மாண்டூக்கியம் 12 மந்திரங்களே கொண்டது என்பதால் அதை முதலில் எடுப்பதுண்டு. அது சுருங்கியதே ஒழிய எளியதன்று. கேன உபநிடதத்தின் பிற்பகுதியிலிருந்தும் சாந்தோக்கியத்தின் எட்டாம் அத்தியாயத்திலிருந்தும் தொடங்குவது நல்லது, ஏனெனில் அவ்விரண்டிலும் கருத்து கதையாக நடக்கிறது.

கேனத்தில், வெற்றி தங்களுடையது என்று தேவர்கள் செருக்குற்றிருக்கும்போது அவர்கள் முன் யட்சம் எனப்படும் வியப்புக்குரிய ஓர் உருவம் தோன்றுகிறது. அக்கினி அதன் அருகே சென்று உரையாடுகிறான். அது வைத்த துரும்பை அவனால் எரிக்க முடியவில்லை. வாயுவும் சென்று அதே துரும்பை அசைக்க முடியாமல் திரும்புகிறான். இருவரும் அதை நேருக்குநேர் கண்டார்கள், பேசினார்கள், அது யார் என்று மட்டும் அறியவில்லை. இந்திரன் நெருங்கியபோது அது மறைந்துவிடுகிறது. அந்த வெட்டவெளியில் உமை ஹைமவதி தோன்றி, அது பிரம்மம் என்று உரைத்த பிறகே இந்திரன் அறிகிறான். பிரம்மத்தை முதலில் அறிந்தவன் என்று உபநிடதம் இந்திரனைச் சிறப்பிக்கிறது. நெருங்கிக் கண்ட இருவருக்கும் விளங்காதது, காட்சி மறைந்த இடத்தில் பணிவோடு நின்று கேட்டவனுக்கு விளங்கியது என்பதைப் புதிதாகப் படிப்பவர் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். இதே உபநிடதத்தின் முற்பகுதி, கண்ணால் காணப்படாததும் கண்கள் காண்பதற்குக் காரணமானதும் எதுவோ அதுவே பிரம்மம் என்கிறது. கதையைப் படித்தபின் அந்த வரிக்குத் திரும்பினால் அதன் பொருள் வேறு ஆழத்தில் ஒலிக்கும்.

சாந்தோக்கியக் கதை இதைவிட நுட்பமானது. மூப்பும் இறப்பும் பசியும் துயரும் அற்ற ஆன்மாவை அறிய வேண்டி, தேவர் பக்கத்திலிருந்து இந்திரனும் அசுரர் பக்கத்திலிருந்து விரோசனனும் படைப்புக் கடவுளாகிய பிரஜாபதியிடம் சென்று 32 ஆண்டுகள் தங்குகிறார்கள். கண்ணுள் காணப்படும் புருடனே ஆன்மா என்று கூறி, நீர் நிறைந்த பாத்திரத்தில் தங்களைப் பார்க்குமாறு அவர் சொல்கிறார். அணிகலன்களோடு தோன்றிய தன் உருவத்தைக் கண்ட விரோசனன் உடலே ஆன்மா என்று நிறைவடைந்து போய்விடுகிறான். இந்திரனும் புறப்படுகிறான், ஆனால் வழியிலேயே அவனுக்கு ஐயம் எழுகிறது: உடல் குருடானால் இந்த ஆன்மாவும் குருடாகுமே, உடல் அழிந்தால் இதுவும் அழியுமே! திரும்பி வந்து மேலும் 32 ஆண்டுகள் தங்கி, கனவில் உலவுபவன் என்ற விடையைப் பெறுகிறான். அதிலும் குறை காண்கிறான். பின் 32 ஆண்டுகள், ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பவன் என்ற விடை; அதிலும் நிறைவு இல்லை. கடைசியாக 5 ஆண்டுகள். ஆக 101 ஆண்டுகள் இந்திரன் பிரஜாபதியிடம் வாழ்ந்தான் என்று உபநிடதம் கூட்டிச் சொல்கிறது. கிடைத்த அனுபவத்தோடு நிறைவடைந்தவன் விரோசனன்; அதைச் சோதித்துத் திரும்பி வந்தவன் இந்திரன். ஆன்மிகத்தில் ஐயம் கூடாது என்று எவரேனும் உங்களை அடக்கினால், இந்தக் கதையை அவருக்கு மரியாதையோடு நினைவூட்டலாம்.

மூன்றாம் படி: எந்த மரபில் நின்று பயில்கிறோம் என்று அறிதல்

காட்சி, ஞானம், முத்தி ஆகிய சொற்கள் எல்லா மரபுகளிலும் வழங்குகின்றன, ஆனால் ஒரே பொருளில் வழங்குவதில்லை. இரண்டு மூன்று நூல்களை ஒன்றாகக் கலந்து படிப்பவர் குழம்புவதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

சங்கரரின் அத்துவைதத்தில் ஞானம் என்பது புதிதாக எதையும் அடைவதாகாது. ஆன்மா எப்போதும் பிரம்மமே. அதை வேறாக எண்ணிய அறியாமை நீங்குவதே முத்தி. ஆகவே உருவம் கொண்ட எந்தக் காட்சியும், அது எவ்வளவு உயர்ந்ததானாலும், காண்பவன் காணப்படுவது என்னும் பிரிவுக்குள் அடங்கியதாகவே இருக்கும். இராமானுஜர் வேறுவிதமாகச் சொல்கிறார். முத்திக்குக் காரணமான அறிவு, இடையறாத நினைவாக, அன்பு தோய்ந்த தியானமாக முதிர்ந்து, நேரில் காண்பதற்கு ஒப்பான தெளிவை அடைவது என்பது பிரம்மசூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தின் நிலைப்பாடு. அங்கே காட்சியும் பக்தியும் ஞானமும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. ஆன்மா இறைவனோடு வேறற்றுப் போய்விடுவதும் இல்லை. மத்துவரின் துவைதத்தில், இறைவனை நேரே உணரும் அபரோட்ச ஞானம் முத்திக்கு முன்னர் வர வேண்டியது, ஆயினும் முத்தியைத் தருவது அவனுடைய அருளே.

சைவ சித்தாந்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காண்பது என்னும் செயலை இவ்வளவு கூர்மையாக ஆராய்ந்த மரபு வேறு உண்டா என்று நான் வியப்பதுண்டு. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்களே உடையது. அதன் பதினோராம் சூத்திரம், காணும் கண்ணுக்கு உயிர் நின்று காட்டிக் காண்பதைப் போல, உயிருக்கு இறைவன் நின்று காட்டியும் கண்டும் உதவுகிறான் என்கிறது. கண் திறந்திருந்தாலும் உயிர் அதனோடு கூடாவிட்டால் எதுவும் தெரிவதில்லை அல்லவா? அவ்வாறே உயிரும் தனித்து நின்று எதையும் அறிய வல்லதன்று. அறியும்போதெல்லாம் அது அறிவிக்கப்பட்டே அறிகிறது. இந்த நோக்கில், இறைவன் ஒருநாள் வந்து காட்சி தரப்போகிறான் என்று காத்திருப்பவர், இதுவரை தாம் கண்ட ஒவ்வொன்றிலும் காட்டி நின்றவனை மறந்திருக்கிறார். கீதையின் திவ்வியக் கண் ஒருமுறை தரப்பட்டது என்றால், சித்தாந்தம் ஒவ்வொரு பார்வையையும் தரப்பட்டதாகவே கொள்கிறது.

அப்பர் பெருமானின் வரலாறு இதற்கு மிகப் பொருத்தமான சான்று. கயிலையைக் காண வேண்டும் என்று உடல் தேயத் தேய வடக்கு நோக்கிச் சென்றவர், இறைவன் ஆணைப்படி ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். அங்கே பிடியோடு வரும் களிற்றையும், பெடையோடு வரும் கோழியையும், துணையோடு வரும் மயிலையும் கண்டு, கண்டறியாதன கண்டேன் என்று பாடினார். அவர் அன்று கண்டவை நாள்தோறும் எவரும் காண்பவை; கண்டறியாதது என்று அவர் சொன்னது அவற்றில் விளங்கிய சிவமும் சத்தியும் ஆகிய திருப்பாதங்களை.

நான்காம் படி: தகுதியை வளர்த்தல்

அத்துவைத நூல்கள் நான்கு தகுதிகளைச் சொல்கின்றன: நிலையானதையும் நிலையற்றதையும் பகுத்தறியும் விவேகம், பற்றின்மையாகிய வைராக்கியம், மன அடக்கமும் பொறுமையும் உள்ளிட்ட ஆறு குணங்கள், விடுதலை வேட்கையாகிய முமுட்சுத்துவம். இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை. கோபம் வந்தபின் எவ்வளவு நேரத்தில் மனம் தணிகிறது, புகழ்ச்சி குறைந்தால் எவ்வளவு வாடுகிறது என்பன போன்றவற்றை நாள் முடிவில் ஒருமுறை நோக்குவதே தொடக்கத்துக்குப் போதுமான பயிற்சி. சைவ மரபில் சரியை (உடலால் செய்யும் தொண்டு), கிரியை (பூசை வழிபாடு), யோகம் ஆகியவை ஞானத்துக்கு முன்னே வைக்கப்பட்டிருப்பதும் இந்தப் பக்குவத்துக்காகவே. இறைவழிபாட்டில் பழகியவர் அதை விட்டுவிட்டுத் தத்துவத்துக்கு வர வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை.

ஐந்தாம் படி: கேட்டல், சிந்தித்தல், நிட்டை

பிருகதாரணியகத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்கு, ஆன்மா காணப்பட வேண்டும், கேட்கப்பட வேண்டும், சிந்திக்கப்பட வேண்டும், இடைவிடாது தியானிக்கப்பட வேண்டும் என்கிறார். காண்பதை இலக்காக முன்னே வைத்து, அதற்கு வழியாக மற்ற மூன்றையும் அடுக்கியிருப்பதாக உரையாசிரியர்கள் இதனை விளக்குவார்கள். சித்தாந்தத்தில் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை (தெளிந்த பொருளிலேயே நிலைத்து நிற்றல்) என நான்காக எண்ணுவர்.

நடைமுறையில் இதை இப்படிச் செய்யலாம். ஒரு நூலின் சிறு பகுதியை, ஒரு மந்திரமோ ஒரு சூத்திரமோ, வாரத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மூலத்தையும் பொருளையும் வாய்விட்டுப் படியுங்கள். ஆசிரியர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். அடுத்து வரும் நாட்களில் அதற்கு எதிரான ஐயங்களை நீங்களே எழுப்பி எழுதுங்கள். இந்திரன் செய்தது அதைத்தான். ஐயம் தீர்ந்ததாகத் தோன்றிய பிறகு, நாள்தோறும் குறித்த ஒரு நேரத்தில் அமைதியாக அமர்ந்து, புதிய சிந்தனை எதையும் வளர்க்காமல் அந்தப் பொருளிலேயே மனத்தை நிறுத்துங்கள். மூச்சை நெடுநேரம் அடக்கும் பயிற்சிகளை நூலைப் பார்த்துத் தானே செய்தல் கூடாது.

ஆறாம் படி: காட்சி நேர்ந்தால் செய்ய வேண்டியவை

தியானத்தில் ஒளி, ஒலி, தெய்வ உருவம், எல்லையற்ற விரிவு போன்றவை சிலருக்குத் தோன்றுவதுண்டு. பலருக்குத் தோன்றுவதே இல்லை. தோன்றாததைக் குறையாக எண்ண வேண்டாம். பதஞ்சலி யோகசூத்திரத்தின், யோக ஆற்றல்களைக் கூறும் விபூதி பாதத்தில், தலையின் ஒளியில் மனத்தை நிறுத்தினால் சித்தர்களின் தரிசனம் கிட்டும் என்று சொன்ன அதே ஆசிரியர், இத்தகைய ஆற்றல்கள் உலகநோக்கில் சித்திகளாயினும் சமாதிக்கு இடையூறுகளே என்று அடுத்துக் கூறுகிறார். முதற்பாதத்தில் அவர் எண்ணும் ஒன்பது தடைகளுள் பிராந்தி தரிசனம், அதாவது பிழையான காட்சி, ஒன்று. அடைந்த நிலையில் நிலைத்து நிற்க முடியாமை இன்னொன்று.

இராமகிருஷ்ண பரமஹம்சர் (1836–1886) வாழ்வில் இந்தப் பகுதி முழுவதும் அடங்கியிருக்கிறது. தட்சிணேசுவரத்தில் காளியின் காட்சியைப் பெற்று அவளோடே வாழ்ந்தவர் அவர். தோதாபுரி என்னும் துறவி அவருக்கு அத்துவைத சாதனையைக் கற்பித்தபோது, மனம் மற்ற அனைத்தையும் எளிதில் விட்டது, காளியின் திருவுருவை மட்டும் கடக்க முடியவில்லை. தோதாபுரி ஒரு கண்ணாடித் துண்டை அவருடைய புருவ நடுவில் அழுத்தி அங்கே மனத்தை நிறுத்தச் சொன்னார். ஞானத்தையே வாளாகக் கொண்டு அந்த உருவையும் கடந்து அவர், காண்பவன் காணப்படுவது என்னும் பிரிவே அற்ற நிர்விகற்ப சமாதியில் ஆழ்ந்தார். அதன் பிறகும் அவர் காளியை அன்னையாகவே வணங்கி வந்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உருவைக் கடந்ததால் அவருடைய அன்பு குறையவில்லை.

திருவண்ணாமலையில் இரமண மகரிஷியிடம் காட்சிகளைப் பற்றிக் கேட்டவர்களை, அவற்றைக் கண்டவர் யார் என்னும் விசாரத்துக்கே அவர் திருப்பிவிடுவார். இதைவிடப் பயனுள்ள அறிவுரை எனக்குத் தெரியவில்லை. காட்சி வந்தால் நன்றியோடு ஏற்றுக்கொண்டு, பலரிடம் சொல்லிப் பரப்பாமல், மீண்டும் வர வேண்டும் என்று ஏங்காமல், வழக்கமான பயிற்சியைத் தொடர வேண்டும். உறக்கம் பல நாட்கள் கெடுவது, உணவு செல்லாமல் போவது, கட்டளையிடும் குரல்கள் கேட்பது, பிறர் தம்மைத் தாக்கப்போவதாக அஞ்சுவது ஆகியவை தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்தி மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதில் வெட்கப்படவோ தாமதிக்கவோ எதுவும் இல்லை.

காட்சி உண்மையானதா என்று எப்படி அறிவது என்ற கேள்வி எழும். அதற்குக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் 54 முதல் 72 வரை உள்ள சுலோகங்களையே அளவுகோலாகக் கொள்ளலாம். நிலைத்த அறிவுடையவன் எப்படிப் பேசுவான், எப்படி அமர்வான், எப்படி நடப்பான் என்று அர்ஜுனன் கேட்கிறான். விடையில் ஒளியோ உருவமோ ஒரு சொல்லாகவும் வரவில்லை. துன்பத்தில் கலங்காமை, இன்பத்தில் வேட்கையின்மை, அச்சமும் சினமும் நீங்கியமை ஆகியவையே வருகின்றன.

ஞானம் அடைந்தவர் உடனே உடலை நீத்துவிட வேண்டும் என்பதும் இல்லை. வாழும்போதே விடுதலை பெற்றவரை ஜீவன்முக்தர் என்பர். அறியாமை நீங்கியபின்னும் உடல் ஏன் தொடர்கிறது என்பதற்கு, குயவன் கையை எடுத்தபின்னும் முன்பு ஏற்ற வேகம் தீரும்வரை சக்கரம் சுழல்வதைச் சங்கரர் எடுத்துக்காட்டுகிறார். பலன் தரத் தொடங்கிவிட்ட பிராரப்த வினை அவ்வாறு தீரும்வரை உடல் நிற்கும். அப்படி வாழ்பவர் என்ன செய்வார் என்பதைச் சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரம் சொல்கிறது: உயிரைப் பற்றிய அழுக்காகிய மலம் கழுவப்பட்டவர் அன்பரோடு கூடி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே கண்டு தொழுவார்.

ஏழாம் படி: குருவைத் தேர்தல்

முண்டக உபநிடதம் குருவுக்கு இரண்டு இலக்கணங்கள் கூறுகிறது: நூல்களை முறையாகக் கற்றவராகவும் பிரம்மத்தில் நிலைத்தவராகவும் இருக்க வேண்டும். முதல் இலக்கணத்தை எவரும் சோதித்து அறியலாம். அவர் எந்த நூலை யாரிடம் பயின்றார் என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. இரண்டாவதை அறிய அவரோடு பழக வேண்டும், அதற்குக் காலம் ஆகும். தமக்குக் கிடைத்த காட்சிகளையே தகுதியாகக் காட்டுபவர், குறித்த கட்டணத்துக்குக் குறித்த நாளில் இறைதரிசனம் உறுதி என்பவர், கேள்வி கேட்பவரைக் கடிபவர், குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டு விலகுமாறு வற்புறுத்துபவர் ஆகியோரிடமிருந்து தயங்காமல் நீங்கிவிட வேண்டும். தகுந்த ஆசிரியர் அமையும்வரை கீதையையும் கேனத்தையும் உரையோடு படித்துக்கொண்டிருக்கலாம். மாண்டூக்கியத்தையும் சிவஞானபோதத்தையும் ஆசிரியர் அமைந்த பிறகு அவர் முன்னிலையில் தொடங்குவதே முறை.